சர்க்கரை தனி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் நான்கு வருஷமாகிறது. வேலை செய்கிற இடத்தில் அவள் பெயர் மீடியாக்கா. இந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் பலர். புதிதாகச் சேர்ந்த காவலாளி ஒருவர், டிவிக்காரர்கள்தான் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள் என்று நம்பி, ஒரு வாரம் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். ஆராய்ச்சிக் கூடத்தில் மீடியா என்றால் செல்களுக்குப் போடுகிற தீனி என்று யாரோ சொன்ன பிறகுதான் மனிதர் பழைய சட்டைக்குத் திரும்பினார். அந்தக் கட்டடத்தின் ஐந்து மாடிகளிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடுவை குடுவையாக வளர்கின்றன. அவை குடித்து வளர்வதற்கான சாற்றைக் கரைத்து, கிருமி சாக வேக வைத்து, லிஃப்டில் மேலே அனுப்புகிறவள் இவள். சுருக்கமாகச் சொன்னால் சமையல்காரி. சாப்பிட்டவர்கள் யாரும் இதுவரை ருசியைப் பற்றி வாய் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்கிற பாதியும் பொய்தான். பிறந்த வீட்டில் அவள் கடைக்குட்டி. மேலே ஒரு அண்ணன், கீழே ஒருவரும் இல்லை. ஆனால் இயக்குநர் தொடங்கித் தரை துடைக்கிறவர் வரை, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, அக்கா அக்கா என்றுதான் வருவார்கள். வந்து வாசலிலேயே நிற்பார்கள். நாளைக்கு இரண்டு லிட்டர் வேண்டும், ஆறு குடுவை வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே நீராவிச் சூடு அப்படி. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் அக்கா, உட்கார்ந்து பேச ஒரு ஆளில்லை என்பதுதான் இருபத்திரண்டு வருஷக் கணக்கு.

அந்த அறையில் இரண்டு ஆட்டோகிளேவ் இருந்தன. ஆளுயர பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது சாற்றுக்கு, நூற்று இருபத்தொரு டிகிரி. சின்னது சர்க்கரைக் கரைசலுக்கு, நூற்றுப் பத்து போதும். இரண்டும் ஆறிய பிறகுதான் சர்க்கரையைச் சாற்றில் சேர்க்க வேண்டும். மேஜைக்கு மேலே சுவரில், இவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்: சர்க்கரை தனி. அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போகும்போது சாவியைக் கொடுத்தார், இந்தச் சுவரையும் காட்டினார். ஏன் தனி என்று அவள் கேட்டாள். சேர்த்து வேக வைத்தால் நிறம் மாறும் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

வீடு என்றால் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஓரத்தில் அடுப்பு, பஸ் டெப்போவைப் பார்த்த ஜன்னல். அந்த அறையில் அம்மாவும் மகளுமாக இருந்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதிக்கு இத்தனை இனிப்பான பெயரை எவன் வைத்தானோ! முதலில் கால் விரல் மரத்தது, பிறகு சிறுநீரகம் சுணங்கியது, நடுவே கண் போனது. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு தூரப் போய்விட்டான். இவளுக்குக் கல்யாண வயது வந்தது, அறைக்குள் எட்டிப் பார்த்தது, போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை.

கண் போன நாளிலிருந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் நடந்தால் அம்மா பயந்துவிடுவாள். அதனால் கதவைத் திறக்கும்போதே, வந்துட்டேம்மா என்பாள். விளக்கைப் போடுறேன், ஜன்னலைச் சாத்துறேன், இப்பத் தம்ளரை உன் வலது கைப் பக்கம் வைக்கிறேன் என்று வாய் ஓயாது. அன்றைக்கு எந்த மாடிக்காரர் என்ன கேட்டார், எந்தக் குடுவை விரிசல் விட்டது என்பது வரைக்கும் அம்மாவுக்கு ஒப்பித்தாக வேண்டும். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அம்மாவும் போனாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பூட்டைத் திறந்து, வந்துட்டேம்மா என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். பக்கத்து அறைக்காரர் முதலில் பயந்தார், பிறகு பழகிக்கொண்டார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா என்பான். சாப்பிட்டேன் என்பாள். உடம்பு எப்படி என்பான். இருக்கு என்பாள். வேறென்ன என்று அவன் கேட்பான். அந்த வேறென்னவுக்கு உலகத்தில் எவளிடம் பதில் இருக்கிறது? வெச்சிடட்டுமா என்பான். சரி என்பாள்.

இப்படி இருந்தவளின் வாழ்க்கையில்தான் நாலாம் மாடி வந்தாள். அவளுக்கும் பெயர் உண்டு, டாக்டர் பட்டமும் உண்டு, ஆனால் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் மாடிதான் பெயர். நாற்பது வயதிருக்கும். வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள், பாதிப் பேச்சில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். ஒருநாள் நான்கு மணிக்குத் தன் குடுவைகளைத் தானே வாங்கிக்கொள்ள இறங்கி வந்தவள், வாசலில் நிற்காமல் உள்ளே வந்துவிட்டாள். அவளுடைய செல்கள் மேலே அரைமணி நேரம் ஊற வேண்டுமாம், அதுவரை வேலையில்லையாம். மீடியா அறைக்குள் எதையும் குடிக்கக் கூடாது என்பதால் பின்கதவுக்கு வெளியே, கழுவிய குடுவைகள் காய்கிற இடத்தில், இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலாம் மாடி ஒரு ஃபிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

இருபது நிமிஷம்தான். ஆனால் மீடியாக்காவுக்கு நாள் என்பது அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னால், பின்னால் என்று இரண்டாகிவிட்டது. காலையில் தலை வாரும்போதே, இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் சொல்லவும் நிறைய இருந்தது. நாலாம் மாடி இன்னைக்குப் புதுச் செருப்புப் போட்டுக்கிட்டு வந்தாங்கம்மா, கடிக்குதாம். இப்படி.

நாலாம் மாடி தன் வேலையைப் பற்றிச் சொல்வாள். சும்மா சொல்லக் கூடாது, புரிகிற மாதிரிச் சொல்வாள்.

"சர்க்கரையை அப்படியே முழுங்கிட முடியாதுக்கா. செல் அதை ரெண்டா வெட்டி, கை மாத்திக் கை மாத்திக் கொண்டுபோய்த்தான் சக்தியாக்கும். நடுவுல வர்ற துண்டு இருக்கு பாருங்க, அது சர்க்கரையும் இல்ல, சக்தியும் இல்ல. அதுல கொஞ்சம் கை நழுவிடும். நழுவினது விஷம். எதைப் பாத்தாலும் போய் ஒட்டிக்கும். ஒட்டினதை உருப்பட விடாது."

அப்புறம் செல் எப்படிப் பிழைக்கிறது என்று இவள் கேட்டாள். அதற்கென்றே உள்ளே ஒரு என்சைம் இருக்கிறதாம். நழுவிய துண்டைத் திரிய விடாமல் கூடவே ஒரு துணையைச் சேர்த்துப் பிடித்துக்கொடுக்குமாம். இன்னொரு என்சைம் வாங்கி, பால் புளிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சாதுவான அமிலமாக மாற்றி அனுப்பிவிடுமாம். நமக்குள்ளேயும் ஒவ்வொரு செல்லிலும் இது நடந்துகொண்டே இருக்கிறதாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்த விஷம் அளவுக்கு மீறி ஊறுவதால் பிடிக்கிறவனால் சமாளிக்க முடியாமல் போய்விடுமாம். மீடியாக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா கண்ணு அதாலதான் போச்சா?"

"அதுவும் ஒரு காரணம்கா. இன்னும் சரியா யாருக்கும் தெரியல. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

அந்தத் துண்டு அவ்வளவு கெட்டதா என்று இவள் கேட்டாள். நாலாம் மாடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கெட்டது என்று இல்லை, அதற்குப் பிடித்துக்கொள்ள எதாவது வேண்டும், கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது என்றாள். என்னவோ, மீடியாக்காவுக்கு அந்தத் துண்டின் மேல் கோபமே வரவில்லை. அம்மாவின் கண்ணைக் குடித்ததாயிற்றே, கோபம் வர வேண்டாமா? வரவில்லை.

நாலாம் மாடியிடம் இரண்டு வகை ஈஸ்ட் இருந்தது. ஒன்று எல்லாம் உள்ள முழு ஈஸ்ட். இன்னொன்றில் அந்தப் பிடிக்கிற என்சைமை அவளே எடுத்துவிட்டிருந்தாள். அதற்கு மொட்டை என்று பெயர். இன்னும் நாலைந்து மாற்றங்களையும் செய்து அதை உருவாக்க அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. மொட்டை இருக்கிற குழாய்களின் மூடியில் பேனாவால் ஒரு வட்டமும், அதற்குள் இரண்டு கண்ணும் வரைந்திருப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் இப்படித்தான் எதையாவது கொஞ்சுவது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மொட்டை சர்க்கரையை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

இனி, தப்பு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சின்ன ஆட்டோகிளேவ் ஒருநாள் கதவு கசிந்து நின்றுபோயிற்று. ரப்பர் வளையம் வர வேண்டும், வரும் என்றார்கள். வந்தபாடில்லை. இருக்கிற ஒன்றில் முதலில் சாறு, பிறகு சர்க்கரை என்று இரண்டு தடவை ஓட்ட வேண்டியதாயிற்று. சாறு இறங்க மூன்று மணி தாண்டும். அதன் பிறகு சர்க்கரையை ஏற்றினால் அழுத்தம் காட்டுகிற முள் சைபருக்கு வர நான்கு நாற்பது ஆகும். அழுத்தத்தில் இருக்கும் மெஷினை விட்டு ஆள் நகரக் கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். முதல் நாள் நாலாம் மாடி பின்கதவில் தலையை நீட்டினாள். இவள் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கையை விரித்தாள். சரிக்கா, வேலையைப் பாருங்க என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் வரவேயில்லை.

அன்றைக்கு வீட்டில், வந்துட்டேம்மா என்று சொன்ன பிறகு சொல்ல ஒன்றுமே இல்லை. அறை அப்படியே இருந்தது.

நான்காம் நாள் மீடியாக்கா சர்க்கரையைச் சாற்றிலேயே கரைத்து, இரண்டையும் ஒரே குடுவையில், ஒரே ஓட்டத்தில் வேக வைத்துவிட்டாள். மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது. நிறம் மாறியதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாறே ஈஸ்ட் பொடி போட்டதால் வைக்கோல் நிறம்தான். அதில் ஒரு பிடி கூடியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? தினசரி நோட்டில் இரண்டு ஓட்டம் என்றே எழுதினாள். சுவரில் இருந்த சிவப்பு எழுத்தை அன்றைக்கு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு மணிக்கு முக்காலிகளைப் போட்டு, படியேறிப் போகிற ஒருவரிடம் நாலாம் மாடிக்குச் சொல்லி அனுப்பினாள். அவள் வந்தாள், டீ வந்தது. அம்மாவிடம் சொல்ல விஷயமும் வந்தது.

அப்படியே பதினோரு வாரம் ஓடிற்று. மற்ற மாடிகளில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தப் பதினோரு வாரத்தில் நாலாம் மாடிக்கு நடை மாறிப்போயிற்று. ஏன் தெரியுமா? மொட்டை செத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை இல்லாத சாற்றில் நன்றாக வளர்கிற மொட்டை, துளி சர்க்கரை பட்டாலும் சாகிறது. இவ்வளவு குறைந்த சர்க்கரைக்கே சாகும் என்று யாரும் நினைத்ததே இல்லையாம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டாளாம், ஒரு தடவைகூடத் தப்பவில்லையாம். இது வெளியே போனால் தன் பெயர் நிற்கும், உங்கம்மா கண்ணுக்கு நடந்ததைப் பாதியாவது சொல்லிவிட முடியும் என்றாள். மீடியாக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தீனி போட்டது யார்?

ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே நாலாம் மாடி சாதாரணமாகக் கேட்டாள். வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு மொட்டையை வைத்துச் சோதித்தவர்களுக்கு அது சாகவில்லையாம்.

"அக்கா, சர்க்கரையைத் தனியாத்தானே போடுறீங்க?"

"ஆமா."

வாய் முந்திக்கொண்டது. யோசித்துச் சொன்ன பொய்யில்லை அது. சுவரில் எழுதியிருப்பதை யாராவது கேட்டால் ஆமா என்பதுதானே பதில்.

"அதான் எனக்குத் தெரியுமே. அவங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எங்க அக்கா இருபத்திரண்டு வருஷமா செய்யறாங்கன்னு."

பிறகுதான் எதற்குக் கேட்டாள் என்று சொன்னாள். சாற்றோடு சர்க்கரையைச் சேர்த்து வேக வைத்தால் நிறம் மட்டும் மாறாதாம். செல்லுக்குள்ளே பிறக்கிற அதே விஷம் குடுவைக்குள்ளேயே பிறந்துவிடுமாம். முழுசாக இருக்கிற செல் அதைப் பிடித்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மொட்டைக்குப் பிடிக்க ஆளில்லை, செத்துப்போகும். அப்படி நடந்திருந்தால் தான் கண்டுபிடித்தது செல்லைப் பற்றியே இருக்காது, குடுவையைப் பற்றித்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மீடியாக்கா டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவினாள். நாளைக்கு எத்தனை குடுவை என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது வாய் வரவில்லை. வந்துட்டேம்மா என்று சொன்னால் அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்தில் அம்மாவிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. விளக்கைச் சத்தமில்லாமல் போட்டாள். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து சர்க்கரையைத் தனியாகவே வேக வைத்தாள். இனிமேலாவது ஒழுங்காகச் செய்துவிட்டால் போனது போகட்டும் என்று ஒரு கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கணக்குத்தான், வேறென்ன? நான்கு மணிக்குப் பின்கதவில் நிழல் தெரிந்தபோது, வேலை அதிகமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் சௌகரியமாக இருந்தது.

புதுச் சாறு மேலே போயிற்று. மொட்டை பிழைத்துக்கொண்டது.

இது அவள் யோசிக்காத விஷயம். நாலாம் மாடிக்கு ஒன்றும் புரியவில்லை. பதினோரு வாரம் தப்பாமல் செத்தது, இப்போது ஜம்மென்று வளர்கிறது. சாற்றின் மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, அதைத்தான் கேட்டாயிற்றே, அக்கா ஆமா என்று சொல்லியாயிற்றே. தன் கையைச் சந்தேகப்பட்டாள். முழு ஈஸ்ட் கலந்துவிட்டதோ என்று தன் குழாய்களைச் சந்தேகப்பட்டாள். தரை துடைக்கிறவர் கீழே வந்து சொன்னார்: நாலாம் மாடியம்மா மூன்று நாளாக யாரிடமும் பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறார்கள், சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே இருக்கிறது. மீடியாக்கா கேட்டுக்கொண்டாள். கையிலிருந்த குடுவையை இரண்டு தடவை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கழிவு வண்டி இறங்கியது. மாடிகளில் வேண்டாமென்று ஒதுக்குகிற உயிர்களைக் குப்பையில் போட முடியாது, கொன்றுதான் போட வேண்டும். அதற்கும் இதே அறைதான், இதே மெஷின்தான். வளர்க்கத் தீனி போடுகிறவளும் இவள், கொல்லுகிறவளும் இவள். சிவப்புப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். நாலாவது பையில் நாலாம் மாடியின் சீட்டு ஒட்டியிருந்தது: "அக்கா, இது மொத்தமும் கெட்டுப்போச்சு. இன்னைக்கே போட்டுடுங்க." பையைப் பிரித்தாள். குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்த குழாய்கள். மேலே பனி பூத்திருந்தது. விரலால் துடைத்தாள். வட்டம், இரண்டு கண். இன்னொன்றைத் துடைத்தாள். வட்டம், இரண்டு கண். நாற்பது குழாயும் மொட்டை. ஆறு வருஷம் மொத்தமும் அந்தப் பையில் இருந்தது.

மெஷின் கதவு திறந்து காத்திருந்தது. பையைப் போட்டு மூடி, பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மொட்டை கெட்டுப்போயிற்று என்று நாலாம் மாடி கடைசிவரை நம்புவாள். அக்கா நல்லவள் என்றும் நம்புவாள். ஒருநாள் மனது தேறினால் நான்கு மணிக்கு டீயும் வரும். இதெல்லாம் அவள் மனதில் வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். வந்தது. வரிசையாக வந்தது.

பிறகு அவள் வாய் திறந்தது. யாருமில்லாத அந்த அறையில், மெஷினுக்கு முன்னால் நின்று, சத்தமாகவே சொன்னாள்.

"சேர்த்துப் போட்டுட்டேம்மா."

சொன்னதும் கால் நகர்ந்தது. பையை ஐஸ் வாளியில் வைத்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். லிஃப்ட் கழிவு வண்டியோடு நின்றிருந்தது, அதற்குக் காத்திருந்தால் மனது மாறிவிடும் என்று படியேறினாள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலாம் மாடி என்கிற இடத்தை அவள் பார்த்ததில்லை. அவளுடைய குடுவைகள் எல்லாம் பார்த்திருக்கின்றன. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. அங்கே அவள் அனுப்பிய குடுவைகள் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன, அவள் கையால் எழுதிய சீட்டோடு. நாலாம் மாடி மேஜையில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். கண்ணாடி பக்கத்தில் கிடந்தது.

"மொட்டைக்கு ஒண்ணும் ஆகல. இதை மொதல்ல குளிர்ல வைங்க," என்றாள் மீடியாக்கா. "நான்தான் கெடுத்தேன். பதினோரு வாரமா சர்க்கரையைச் சேர்த்துத்தான் போட்டேன். நீங்க கேட்டப்ப ஆமான்னு பொய் சொன்னேன்."

நாலாம் மாடி எழுந்தாள். வாளியை வாங்கி, குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கினாள். நாற்பதையும் எண்ணி அடுக்கும்வரை திரும்பவில்லை. பிறகு ஜன்னலோரம் போய்ப் பழைய குடுவை ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்து வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தாள். பழையது ஒரு பிடி கருத்திருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஏன்கா?"

இதுதான் கஷ்டமான கேள்வி. மறந்துட்டேன் என்று சொல்லலாம். மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம், அது உண்மையும்கூட.

"தனியாப் போட்டா நாலு நாப்பது ஆயிடும். நீங்க நாலு மணிக்கு வருவீங்க. நீங்க திரும்பிப் போயிட்டா எனக்கு அன்னைக்குப் பேச ஆளில்ல."

நாலாம் மாடி குடுவைகளைக் கீழே வைத்தாள். கோபமாகத்தான் பேசினாள்.

"அஞ்சு மணிக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனேக்கா."

மீடியாக்கா அங்கேயே நின்றாள். ஒன்பது வருஷம் ஒவ்வொரு அசைவையும் சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவள். விளக்கைப் போடுறேன், கதவைச் சாத்துறேன் என்று சொல்லத் தெரிந்தது. எனக்கு நீ வேணும், கொஞ்சம் பொறுத்து வா என்று சொல்ல மட்டும் தெரியவில்லை. அது தனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் அவளை அடித்தது. கீழே போங்க என்று நாலாம் மாடி சொன்னாள். அவள் போனாள்.

தினசரி நோட்டில் பதினோரு வாரத்தையும் திருத்தி எழுதி இயக்குநரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அடுத்த வாரமே ரப்பர் வளையமும் வந்துவிட்டது, கேட்டீர்களா! பதினோரு வாரம் வராத வளையம். சின்ன மெஷின் ஓட ஆரம்பித்தது. மூன்றரைக்கெல்லாம் இரண்டும் முடிந்தது. நான்கு மணிக்கு அவள் சும்மா இருந்தாள். யாரும் வரவில்லை.

நாலாம் மாடியிலிருந்து சீட்டு மட்டும் வரும். முன்பெல்லாம் அக்கா என்று தொடங்குகிற சீட்டு, இப்போது மீடியா அறைக்கு என்று தொடங்கியது. ஒருநாள் அதில் புதிதாக ஒன்று இருந்தது: சர்க்கரை தனி, நான்கு குடுவை; சர்க்கரை சேர்த்து, நான்கு குடுவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாள் என்று புரிந்தது. செய்த தப்பையே சோதனையாக்கிவிட்டாள், கெட்டிக்காரி. மீடியாக்கா இரண்டையும் சொன்னபடி செய்து, எது எது என்று கொட்டை எழுத்தில் ஒட்டி அனுப்பினாள். அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னாள். இப்போது எல்லாவற்றையும் மறுபடி சொல்ல முடிந்தது. அம்மா கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். உனக்கு வேணும் என்பாள். அப்புறம், சாப்பிடு என்பாள்.

மேலே போய்வந்த இருபதாம் நாள், குடுவைகளை வண்டியோடு லிஃப்டில் ஏற்றிய பிறகு அவள் மறுபடி லிஃப்ட் கதவைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றாள். கடைசியில் நாலாம் மாடியின் சீட்டுக்கு அடியிலேயே எழுதினாள்: "டீ குடிக்க வாங்க. எத்தனை மணின்னாலும் பரவாயில்ல. எனக்குப் பேச ஆள் வேணும்." எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவாள். சீட்டைக் குடுவைகளோடு வைத்துக் கதவைச் சாத்தினாள். லிஃப்ட் மேலே போயிற்று.

அரைமணி நேரம் கழித்துக் காலி வண்டி இறங்கியது. அதில் அதே சீட்டு, மறுபக்கம் திருப்பி வைத்திருந்தது.

பூட்டைத் திறந்து உள்ளே போனதும், விளக்கைப் போடுவதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"வந்துட்டேம்மா. இன்னைக்கு முடியாதாம். வியாழக்கிழமை வர்றாங்களாம். அக்கான்னு எழுதியிருக்காங்க."